பஞ்சு மூப்பர்

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு ஜிப் திறக்கும் சத்தம் வரும். மூப்பருடைய வேதாகமப் பை. உள்ளே வேதாகமம், பாமாலையும் கீர்த்தனையும் சேர்த்துத் தைத்த பழைய பாட்டுப் புத்தகம், காணிக்கைக்கு மடித்து வைத்த இருபது ரூபாய், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியில் குச்சி கிடையாது, பஞ்சு. ஒரு சிட்டிகை எடுத்து விளக்குத் திரி போல உருட்டி, முதலில் இடது காது, பிறகு வலது காது. இடது காதுக்கு எப்போதும் சற்றுக் கனமான திரி. ஸ்பீக்கர் பெட்டி அந்தப் பக்கம் இருக்கிறது. அடைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மேடையில் பேட் அடிக்கும் பையன் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி நான்கு எண்ணுவான். ஆராதனை தொடங்கிவிட்டது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் சபைக்கு ஒருவராவது இப்படி உண்டு. சி.எஸ்.ஐ.யில் இருப்பார். பெந்தெகொஸ்தேயிலும் இருப்பார், அங்கே பஞ்சு செலவு அதிகம். ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தவராகவோ இருப்பார். எங்கள் பக்கத்துச் சபையில் வாலிபர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பஞ்சு மூப்பர். அவருக்கும் அது தெரியும். காதில் விழாத மாதிரி இருப்பார், அதற்கும் பஞ்சு உதவும்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடும்போது வாராவாரம் ஒரு கேள்வி கேட்பார்: “இன்னாய்யா இது, சபையா கச்சேரியா?” பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அடுத்தது பேன்ட். “முட்டி போட்டு ஜெபம் பண்ணிப் பண்ணி முட்டிகிட்ட கிழிஞ்சிருந்தா நான் ஏன் கேக்கறேன்? கடையிலயே கிழிச்சுக் குடுக்கறானாமே!” அதற்கடுத்தது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது. விரல் விட்டு எண்ணி வைத்திருப்பார். “இன்னிக்கு பதினாலு தரம். போன வாரம் பதினொண்ணு.” ஐயா, 136ஆம் சங்கீதத்தில் 26 வசனத்திலும் ஒரே வரிதானே முடிவில் வருகிறது என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, “அது சங்கீதம்யா” என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

மூப்பர் சினிமா பார்க்காதவர். இதை அவரே சொல்வார், அடிக்கடி சொல்வார். அப்படிப்பட்டவர், புதுப் பாட்டின் முதல் இரண்டு அடி வாசித்ததுமே கண்ணைத் திறந்து, “இது படப் பாட்டு மெட்டு” என்று பக்கத்துப் பெஞ்சுக்குச் சொல்லிவிடுவார். எந்தப் படம், யார் இசை, கதாநாயகி அந்தப் பாட்டில் எத்தனை புடவை மாற்றினாள் என்பது வரைக்கும் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் டூரிங் கொட்டாய் அவர் வீட்டுப் பின்பக்கம் இருந்ததாம், காற்று வாக்கில் காதில் விழுமாம். புடவை எப்படிக் காற்று வாக்கில் வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

அவர் அடிக்கடி இழுக்கும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர், ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு படித்தவர், கீர்த்தனை என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர். “அவர் எழுதினாரே, அதுல ஆட்டம் உண்டா?” என்பார் மூப்பர். சாஸ்திரியார் எழுதியதில் பேர்போனது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்ன, மௌனப் பிரார்த்தனையா? குறத்தி வந்து, ஆடிப் பாடிக் குறி சொல்லும் கூத்து. அந்த நாளில் கோயில் வாசலிலும் அரண்மனையிலும் ஜனங்களை இழுத்த ஆட்டத்தை எடுத்துத்தான் அவர் இயேசுவுக்குச் சூட்டினார். இதைச் சொன்னால் மூப்பருக்குக் கோபம் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் பத்திரிகை படிப்பதில்லை.

இன்னொரு தூண் அவருக்கு, ‘துரைமார் காலத்து ஒழுங்கு’. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஊழியம் செய்தவர்கள் ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள். காஞ்சிபுரத்து ஆண்டர்சன் பள்ளி அவர்கள் வழி வந்ததுதான். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் கோயிலுக்குள் வாத்தியமே கிடையாது, வாயால் சங்கீதம் பாடுவதோடு சரி. 1807இல் கிளாஸ்கோவில் ஒரு கோயிலில் ஆர்கன் வாசித்தது பெரிய பஞ்சாயத்தாகி, கூடாது என்று தீர்ப்பானது. ஆர்கனுக்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர் ‘விசில் பெட்டி’. அந்தத் துரைமார் இன்றைக்கு எழுந்து வந்தால் மூப்பருக்குப் பிடித்த ஆர்மோனியத்தைத்தான் முதலில் வெளியே தூக்கி வைப்பார்கள். துரைமார் வரைக்கும் போவானேன்? அகில இந்திய வானொலியே 1940 தொடங்கி முப்பது வருஷத்துக்கு ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. மூப்பரும் வாலிபத்தில் சும்மா இருந்தவரில்லை. கன்வென்ஷன் கூட்டத்துக்கு டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனதையும், அதைப் பார்த்து அன்றைய மூப்பர் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியதையும் அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். அந்தக் குடைக்கும் தன் தீப்பெட்டிக்கும் உறவு உண்டென்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

எல்லாச் சத்தத்துக்கும் வாய் திறக்கிறவர் ஒரே ஒருமுறை வாயடைத்துப் போனார். அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணியும் சேவலும் ஏலத்துக்கு வரிசையில் நின்றன. வாலிபர்கள், இந்த வருஷம் பவனிக்குப் பறை அடிக்கலாம் என்றார்கள். மூப்பர் பேசவில்லை. பஞ்சையும் எடுக்கவில்லை, கச்சேரி என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்க தாத்தா அதத் தூக்கிப் போட்டுட்டுத்தான்யா ஞானஸ்நானம் எடுத்தாரு. அடிக்கக் கூப்ட்டா போய்த்தான் ஆகணும், கூலி குடுத்தா குடுப்பான். மறுபடி மாட்டிக்கச் சொல்றியா?” என்றார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, அதாவது பரட்டை அண்ணன், ஆயுசு முழுக்கக் கையில் வைத்திருந்தார். இழிவென்று கீழே போட வைத்த கருவியைத்தான் ஆராதனைக்குள் எடுத்து வர வேண்டும் என்றார். கிராமத்து மெட்டிலேயே வழிபாட்டு முறையும் எழுதினார். 2005இல் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் தாத்தாவின் தோளில் கிடந்த வாரை நான் பார்த்ததில்லை, மூப்பர் பார்த்திருக்கிறார். அந்த வருஷம் பறை வரவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்கள் பக்கம் தூணோரம் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கீர்த்தனைகளில் நாற்பது ஐம்பதாவது, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை வாயில் இருக்கும். இப்போது பாட்டு திரையில் ஓடுகிறது. மாதத்துக்கு நாலு புதுப் பாட்டு. பாட்டி திரையைப் பார்க்கும், மேடையைப் பார்க்கும், பிறகு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு சும்மா இருக்கும். பாடிக்கொண்டிருந்த சபை, பார்த்துக்கொண்டிருக்கிற சபையாகிவிட்டது. மூப்பர் கச்சேரி என்று திட்டுவது இதைத்தான் என்றால், நானும் அவர் பெஞ்சில் உட்காரத் தயார். பேட் அடிப்பதில் எனக்குப் பேச்சே இல்லை. தாவீது ராஜா பெட்டிக்கு முன்னால் குதித்து ஆடியதை ஜன்னலிலிருந்து பார்த்து முகம் சுளித்த மீகாள் கதை, மூப்பரின் வேதாகமத்திலும் இருக்கிறது.

போன தேர்தலில்தான் வினை வந்தது. சபைக் கமிட்டிக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தில் மூப்பர் எழுந்து, உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் முழங்கினார். பராந்தக சோழன் காலம், குடவோலை, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், உலகத்துக்கே தேர்தல் சொல்லிக் கொடுத்த ஊர், கண்ட பையனையும் கமிட்டியில் போடலாமா என்றெல்லாம். பேட் அடிக்கும் பையன் அமைதியாக போனை எடுத்து அதே கல்வெட்டின் விதிகளை வாசித்தான். வயது 35க்கு மேல், 70க்குள். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவர் சொந்தக்காரரும் கூடாது. மூப்பருக்கு வயது 72. கமிட்டியில் 27 வருஷம். (அந்தக் கல்வெட்டின்படி வேதம் ஓதிய, சொந்த மனையும் நிலமும் உள்ள அந்தணர் பெயர்தான் ஓலையில் ஏறும். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் பெயரும் குடத்துக்கு அருகில் போயிருக்காது. அது வேறு கதை.) மூப்பர் உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் வாலிபர்களே அவர் வீட்டுக்குப் போனார்கள். “பெரியப்பா, சத்தம் ஜாஸ்தின்னு நீங்கதான சொல்றீங்க. மிக்சர நீங்களே பாத்துக்குங்க.” யோசித்தார். இரண்டு நிபந்தனை போட்டார். மாதத்தில் முதல் ஞாயிறு ஒரு கீர்த்தனை, எல்லாச் சரணமும். அன்றைக்குத் தூணோரப் பாட்டிக்கு ஒரு மைக்.

இப்போது மூப்பர் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பொறுப்பு என்றால் பொறுப்பு, பஞ்சை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் காது பாதிதான் கேட்கிறது. “எடுபடலியே, எடுபடலியே” என்று குமிழைத் திருகிக்கொண்டே போகிறார். பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறார்கள். பாட்டி பல்லவிக்கு ஒரு சுருதி, சரணத்துக்கு ஒரு சுருதி பிடிக்கிறது. கீபோர்டுக்காரன் ட்ரான்ஸ்போஸ் பட்டனை விட்டு விரலை எடுக்க முடியவில்லை.

அந்தச் சபை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மாதத்தின் முதல் ஞாயிறு, ஒன்பதரை மணிக்கு, உத்திரமேரூர் ஏரிக்கரையில் வந்து நில்லுங்கள். வழி கேட்க வேண்டியிருக்காது. போகும்போது பஞ்சு கொண்டுபோங்கள்.