நிழல் காலடியில் ஒளியும் நாள்
கொல்லிமலைக் குட்டிகளின் கேள்விகள்

கே: பூமி சூரியன் கிட்டப் போனா வெயில், தள்ளிப் போனா குளிர். சரிதானே? (செம்மேடு, 3ஆம் வகுப்பு)

ப: பெரியவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், கண்ணு. ஆனால் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே போவது ஜனவரி முதல் வாரத்தில், நீ மார்கழிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது! அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. தூரம் காரணமில்லை.

கே: அப்ப எதுதான் காரணம்?

ப: சாய்வு. பூமி நிமிர்ந்து சுற்றுவதில்லை, 23.5 பாகை சாய்ந்தபடியே சூரியனை வலம் வருகிறது. சாயும் திசையும் மாறாது. அதனால் ஆறு மாதம் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த ஆறு மாதம் தென்பாதி.

சாய்ந்தால் என்ன ஆகும்? இன்று ராத்திரி டார்ச்சைத் தரைக்கு நேராகப் பிடித்துப் பார். சின்ன வட்டம், பளிச்சென்று இருக்கும். அதையே சாய்த்துப் பிடி. வெளிச்சம் நீளமாகப் பரவி மங்கிவிடும். வெயிலும் நேராக விழுந்தால் சுடும், சாய்ந்து விழுந்தால் சுணங்கும்.

கே: மலை மேல இருக்கிற நாங்கதானே சூரியனுக்குப் பக்கம்? நாமக்கல்லுல ஏன் எங்களைவிட வெக்கை? (சோளக்காடு)

ப: 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி நீ சூரியனை நெருங்கியது ஒரு கிலோமீட்டர் போல. இன்னும் பாக்கி 15 கோடி! வெயில் முதலில் தரையைச் சுட வைக்கிறது. தரைதான் காற்றைச் சுட வைக்கிறது. மேலே போகப் போகக் காற்று லேசாகிக் குளிர்ந்துவிடும்: ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. இது உயரத்தின் வேலை. பருவத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

கே: ஜூன் 21தான் நீளமான பகல்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா சித்திரையிலதானே சுடுது?

ப: டீச்சர் சொன்னதும் சரி, உன் உடம்பு சொல்வதும் சரி. நம் மலைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் 20 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 23 வாக்கில் இன்னொன்று. அன்று முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுவை. உச்சிப் பொழுதில் அதன் நிழலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! இந்த இரண்டு நாளுக்கும் நடுவே உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. ஒரு வருடம் பார்த்து நோட்டில் குறித்து வந்தால், பூமியின் சாய்வை நீயே கண்டுபிடித்தது போலத்தான். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் வானம் வெறிச்சென்று இருக்கும், வெயில் தடையில்லாமல் இறங்கும். ஜூனில் தென்மேற்குக் காற்று மேகங்களைக் கூட்டி வந்துவிடும். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள் ஸ்வெட்டரோடு வருவது அதனால்தான்.

கே: நமக்கு ஏன் ஐஸ் கொட்ட மாட்டேங்குது? (வளப்பூர் நாடு, 2ஆம் வகுப்பு)

ப: நாம் நிலநடுக்கோட்டுக்கு 11 பாகைதான் வடக்கே. சூரியன் நம்மைவிட்டு ரொம்பத் தள்ளிப் போவதே இல்லை. நம் மிகச் சிறிய பகலே பதினொன்றரை மணி நேரம். லண்டன் பிள்ளைகளுக்கு டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை.

கே: சித்தப்பா மெல்போர்ன்ல இருக்காரு. அங்கயும் தை மாசம் குளிருமா?

ப: அங்கே அது கோடை! அப்போது சூரியன் பக்கம் சாய்ந்திருப்பது தென்பாதி. சித்தப்பா வேர்க்க விறுவிறுக்கத்தான் பொங்கல் வைப்பார்.