குப்புறப் படுக்கும் மனிதர்

காலை ஆறு மணிக்குத் தெருவோரத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தால் உடையார்பாளையத்தில் யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள். முதலில் பார்த்தவர் "ஐயையோ, வலிப்பு!" என்று கத்தினார். பால்காரர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, கிடந்தவர் கையில் திணித்தார். மூன்றாமவர் சோடாவுக்கு ஓடினார். கிடந்தவர் தலையைத் தூக்காமலே, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்றார்.

என் எதிர்வீட்டுக்காரர்தான். மூக்குக்கு நேரே, முதல் நாள் மழையில் தேங்கிய முறம் அகலத் தண்ணீர். அதன் கரையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு அம்பாசிடர் கார். செல்போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால்தான் லென்ஸ் தரையோடு தரையாகப் போகுமாம். படத்தைக் காட்டினார். யாரோ பெரிய மனிதர் வீராணம் ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டுச் சூரியோதயம் பார்ப்பது போலிருந்தது. அதே இடத்தில் என் கண்ணுக்கு ஒரு குட்டையும் பாக்குப் பொட்டலமும்தான் தெரிந்தன. சாவிக்கொத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு சாவி குறைந்திருந்தது பால்காரருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

இந்த வகை மனிதரை அடையாளம் காண்பது சுலபம். முழங்கையில் மண் இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்காது, ஐஸ் குச்சி இருக்கும். கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "தண்ணி டேங்க்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அவர் வீட்டில் எதற்கும் அதன் பெயர் நிலைப்பதில்லை. காய்ந்த டீத்தூள் செம்மண். ரவை மெரினா. தேங்காய் நார் வைகாசி மாதத்துப் புல். ஊதுபத்திப் புகை மலைப்பனி. அவர் ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் அவர் மனைவி பூஜை மாடத்தைப் பார்த்து, "இது ஒனக்கில்ல முருகா, ஊட்டிக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பட்டுத்தறி ஓடும் ஊர் என்பதால் அவருக்குக் குப்பைக்குப் பஞ்சமில்லை. தறிக்கு மேலே ஜக்கார்டில் சுற்றும் ஓட்டை போட்ட அட்டைகள், டிசைன் பழசானால் மூலைக்குப் போய்விடும். அவற்றில் நாலைக் கேட்டு வாங்கி வந்து நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்தார். பளிச்சென்று ஒரு அடுக்குமாடிக் கட்டடம்! ஓட்டை உள்ள ஜன்னலில் விளக்கு எரிகிறது, இல்லாத ஜன்னலில் படுத்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் விழித்திருப்பது என்பதை யாரோ எப்போதோ கட்டிய சேலையின் முந்தானை தீர்மானிக்கிறது. மயில் டிசைன் என்றால் எட்டாம் மாடியில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

அவருடைய உலகம் 1:64 கணக்கில் ஓடுகிறது. கடையில் விற்கும் சின்னக் கார்களின் அளவு அது. அசல் அறுபத்து நாலு அங்குலம் என்றால் இங்கே ஓர் அங்குலம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் குடும்பத்தோடு போனவர், ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானத்தை அண்ணாந்து பார்த்தார். ஏறத்தாழ 55 மீட்டர். மனதுக்குள் வகுத்து, "எண்பத்தாறு சென்டிமீட்டர். நம்ம தண்ணி டிரம் ஒசரம்" என்றார். மனைவியின் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். "நீ கரெக்டா ஒரே இஞ்ச்" என்று ஒருநாள் கொஞ்சலாகச் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவர் தட்டில் விழுந்த இட்லியும் அதே கணக்கில் இருந்ததாகக் கேள்வி.

இதை ஏதோ மேல்நாட்டுக் கிறுக்கு என்று சொல்ல முடியாது. என் அம்மா கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா வைத்தவர்தான்: முகம் பார்க்கும் கண்ணாடி குளம், முளைவிட்ட கேழ்வரகு வயல். 1957இல் வந்த 'மாயாபஜார்' படத்து துவாரகை நகரம், வாகினி ஸ்டுடியோவில் 50க்கு 60 அடி இடத்தில் சுமார் ஓரடி உயரத்தில் கட்டிய 300 வீடுகள். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி வீட்டுக்கு வீடு விளக்குப் போட்டார். அவ்வளவு ஏன், சுங்கத்துக்குப் பயந்து மிளகைப் பயறு என்று பொய் சொன்ன வியாபாரியின் மூட்டையை நிஜமாகவே பயறாக்கிவிட்டார் என்று எங்கள் ஊர்க் கோயில் பயறணீஸ்வரருக்கே கதை உண்டு. மூலவரே செய்த வேலை. பக்தனைக் குறை சொல்லி என்ன?

குறை இருப்பது வேறிடத்தில். அவர் கட்டும் ஊருக்கு ஒரே முகம்தான். லென்ஸ் இருக்கும் பக்கம் ஊட்டி. இந்தப் பக்கம் பற்பசை அட்டையும் செல்லோடேப்பும். அவர் மட்டும் அந்தப் பக்கம் படுத்துக் கிடக்க, குடும்பம் முழுக்க இந்தப் பக்கம் வாழ்கிறது. ரொம்பக் கிட்டப் போனால் முன்னும் பின்னும் மங்கி, பொம்மை என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் இரண்டடி பின்னால் நகர்ந்து படுத்து ஜூம் செய்வார். அந்த இரண்டடியில்தான் அவர் வீட்டு அடுப்பங்கரை வாசல் இருக்கிறது.

அவர் ஜெயங்கொண்டம் போயிருந்த ஒருநாள் பழைய பிளாஸ்டிக் வாங்கும் வண்டி வந்தது. ஊட்டி மொத்தமும் எடைக்குப் போய், பதிலுக்கு ஒரு குடம் வந்தது. திரும்பி வந்தவர் குடத்தைப் பார்த்தார். வெறும் இடத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை, பாடம் நடத்தினார்.

"நம்ம கல்லமேட்டுல கெடச்ச டைனோசர் எலும்பு இப்ப எங்க?"

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெருமை கொஞ்சம் உண்டு. பிருகத்காயோசரஸ் என்று 1987இல் பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன.

"எலும்பு போச்சு. படம் இருக்கு. அதை வெச்சுத்தான் ஒலகமே சண்ட போடுது. ஊட்டியும் அப்படித்தான்" என்றார்.

"அப்ப இனிமே படத்துலயே காப்பி குடிங்க" என்றார் அவர் மனைவி.

ஊட்டி போன கையோடு ரயில் வந்தது. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஏற வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும். மொட்டைமாடியில் குடைக்கம்பி தண்டவாளம், ஐஸ் குச்சி கட்டை, நீலம் பூசிய தீப்பெட்டிகள் ஏழு. மஞ்சள் கல்யாணப் பத்திரிகையை வெட்டி 'உடையார்பாளையம்' என்று பெயர்ப்பலகை. பக்கத்தில் தலை வட்டமாய், கால் நீளமாய் ஒரு கைகாட்டி. பின்னால் அசல் வானம்.

படம் வாட்ஸப்பில் கிளம்பி சிங்கப்பூர் வரை போனது. "ரயில் உட்டுட்டாங்களா? சொல்லவே இல்ல!" என்று அங்கிருந்து ஒரு மச்சான் போன் செய்தார். மறுநாள் காலையில் பால்காரர் செல்போனை நீட்டியபடி வந்தார். "தம்பி, ரயில் நல்லாருக்கு. அந்த சிக்னல் எங்க பொட்டிச் சாவி. வண்டி போனதும் குடுத்துடுங்க."

அவர் போவதற்குள் கோடிவீட்டுப் பெரியம்மா கையில் மஞ்சப்பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன மணிக்குப்பா வண்டி?"

"அஞ்சே முக்காலுக்குப் பெரியம்மா. வெயில் சாஞ்சாத்தான் வரும்."