பாலுக்கு எத்தனை நிறம்?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோக்காரர்களிடமிருந்து. கல்யாண ஆல்பம் போட்டே கைதேர்ந்தவர்கள் இப்போது வீடியோவுக்கும் நிறம் திருத்த இறங்கியிருக்கிறார்கள். நல்ல கேள்விகள். அதனால் பக்கம் முழுவதும் நிறத்துக்கே.

பத்து வருஷமாக போட்டோஷாப்தான் சோறு போடுகிறது. இப்போது எல்லோரும் 'சினிமா கலர்' வீடியோ கேட்கிறார்கள். முதலிலிருந்து படிக்க வேண்டுமா?
— ஆல்பம் டிசைனர், இராஜபாளையம்

முக்கால்வாசி படித்து முடித்துவிட்டீர்கள்! கர்வ்ஸ், லெவல்ஸ், ஒயிட் பேலன்ஸ், ஹியூ–சாச்சுரேஷன், மாஸ்க் எல்லாமே வீடியோவிலும் உண்டு. பிரீமியரில் 2015-இல் வந்த லுமெட்ரி பேனலைத் திறந்து பாருங்கள், லைட்ரூம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். லிஃப்ட், காமா, கெயின் என்று வேறு பெயர் சொன்னால் மிரள வேண்டாம். இருள் பகுதி, நடுப்பகுதி, வெளிச்சப் பகுதி, அவ்வளவுதான்.

மீதிக் கால்வாசிக்குப் பெயர் 'நேரம்'. போட்டோவில் மாப்பிள்ளை அசையமாட்டார். வீடியோவில் மணவறையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து நிமிஷத்துக்கு 15,000 படம். ஒரு படத்துக்கு அழகான கர்வ், அடுத்த 14,999 படத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கிற பழக்கம்தான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது.

போட்டோஷாப்பிலேயே வீடியோவைத் திறந்து கலர் செய்யலாம் என்கிறார்களே, நிஜமா?
— ஸ்டூடியோ உதவியாளர், ஸ்ரீவில்லிபுத்தூர்

நிஜம். 2012-இல் வந்த சிஎஸ்6-லிருந்து சாதாரணப் பதிப்பிலேயே வீடியோ டைம்லைன் உண்டு. கிளிப்பைத் திறந்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றி, பிந்தைய பதிப்புகளில் உள்ள கேமரா ரா ஃபில்டரைப் போட்டால், போட்டோவுக்கு இழுக்கிற அதே ஸ்லைடர்கள் வீடியோவுக்கும் வேலை செய்யும். அரை நிமிஷ ரீல்ஸுக்குச் சரி. இரண்டு மணி நேரக் கல்யாணத்தை அதில் ஏற்றினால், கம்ப்யூட்டர் முடிப்பதற்குள் அந்த வீட்டில் வளைகாப்பு வந்துவிடும். இன்னொன்று: டீஹேஸ் போன்ற ஸ்லைடர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக எடைபோடும். அதனால் படம் லேசாகத் துடிக்கலாம்.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. காட்சியிலிருந்து ஒரே ஒரு ஃபிரேமை எடுத்துப் போட்டோஷாப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் மட்டும் போட்டுத் திருத்துங்கள். பிறகு எக்ஸ்போர்ட்டில் 'கலர் லுக்அப் டேபிள்ஸ்' கொடுத்தால் ஒரு 'லட்' கோப்பு கிடைக்கும். அதை எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்ளலாம். லட் என்பது நிறத்துக்கான வாய்ப்பாடு: இந்தச் சிவப்பு உள்ளே வந்தால் அந்தச் சிவப்பை வெளியே கொடு. 33 புள்ளி வாய்ப்பாட்டில் 33×33×33, அதாவது 35,937 வரிகள். நடுவில் விழும் நிறங்களைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் எது முகம், எது சுவர் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் போட்ட மாஸ்க்கும் ஷார்ப்பும் அதில் ஏறாது.

பால்கோவா கிண்டுவதை முழுசாக எடுத்தேன். பால் ஒரு இடத்தில் நீலம், ஒரு இடத்தில் மஞ்சள், கடைசியில் மறுபடி வெள்ளை! எங்கே தப்பு?
— ரீல்ஸ் எடுக்கும் மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டிருப்பீர்கள், தங்கச்சி. நானும் ஒரு முறை அப்படி ஒரு அடுப்படியில் அதே தப்பைச் செய்தேன். வீட்டுக்கு வந்து திரையில் போட்டபோது, ஒரு மணி நேரம் நின்று எடுத்த மாற்றம் காணாமல் போயிருந்தது.

கடாயை நினைத்துப் பாருங்கள். ஊற்றும்போது சுத்த வெள்ளை. சுண்டச் சுண்டத் தந்த நிறம். சர்க்கரை சேர்ந்து திரண்டு வரும்போது லேசான சந்தன நிறம். பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து கொண்டுவருகிற நிறம் அது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தின் கதையே அந்த நிற மாற்றத்தில்தான் இருக்கிறது. கேமராவுக்கு இது தெரியாது. பால் மஞ்சளாகிறதே, பிழை போலிருக்கிறது என்று நினைத்து வெள்ளைக்குத் திருப்பிவிடும். நல்ல மனசோடு செய்கிற கெடுதல்.

ஆகவே முதல் கிளிப்பிலேயே ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். அங்கே மூன்று வெளிச்சம் போட்டி போடும்: வாசல் பகல் வெளிச்சம் சுமார் 5,600 கெல்வின், விறகு நெருப்பு சுமார் 2,000, மேலே டியூப்லைட்டின் லேசான பச்சை. பாலின் மேல் எது விழுகிறதோ அதற்குச் சரிசெய்யுங்கள். நெருப்பு ஆரஞ்சாகவே இருக்கட்டும்.

எங்கள் வீட்டு இராஜபாளையம் நாய் பால்வெள்ளை. வீடியோவில் நீலம் பூத்துத் தெரிகிறது. என்ன வைத்தியம்?
— நாய் வளர்ப்பவர், இராஜபாளையம்

உங்கள் வீட்டில் கிரே கார்டே வாலாட்டிக்கொண்டு திரிகிறதே! 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் ஏறிய இனம். வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு. நிறம் திருத்துகிறவனுக்கு இதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைக்காது.

நீலத்துக்குக் காரணம் உங்கள் ஊர் மலை. மேற்கே மலை மறைப்பதால் அடிவாரத்தில் சாயங்கால வெயில் சீக்கிரம் போய்விடும். அதன்பிறகு நாயின் மேல் விழுவது நீல வானத்தின் வெளிச்சம். ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை எடுத்து முதுகில் குத்துங்கள். பளீரென்று வெளுத்துப்போன இடத்தில் குத்தினால் பயனில்லை, அங்கே தகவலே இருக்காது. ரோமத்தின் கோடு தெரிகிற இடம் வேண்டும். வயிற்றுப் பக்கம் போகாதீர்கள், தரையின் செம்மண் நிறம் அங்கே தெறித்திருக்கும். பிறகு மூக்கைப் பாருங்கள். ஊதா அடித்தால் நீலம் இன்னும் மிச்சம். ஆரஞ்சு அடித்தால் சூட்டைக் கூட்டிவிட்டீர்கள். முதுகு வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருந்தால் சரி.

ரா போட்டோ எவ்வளவு இழுத்தாலும் தாங்குகிறது. வீடியோவில் கொஞ்சம் இழுத்தாலே வானம் பட்டை பட்டையாகக் கிழிகிறதே?
— கேமராமேன், சத்திரப்பட்டி

உங்கள் ஊர்த் தறியிலேயே பதில் இருக்கிறது, அண்ணாச்சி. பேண்டேஜ் துணியை இரண்டு பக்கமும் இழுத்தால் இழைக்கு இழை இடைவெளி தெரியும். நெருக்கமாக நெய்த வேட்டியை இழுத்தால் தெரியாது. 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படி. 8 பிட் வீடியோவில் 256 தான். 10 பிட்டில் 1,024. கேமராவில் 10 பிட் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியாக வையுங்கள். 8 பிட்டில் 'லாக்' (log) என்ற வெளிறிய முறையில் எடுப்பது, இருக்கிற கொஞ்ச இழையையும் தளர்த்திவிட்டுப் பிறகு இழுப்பதற்குச் சமம்.

'பொண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கள்' என்று வீட்டார் நிற்கிறார்கள். தொழில், மறுக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?
— வீடியோ எடிட்டர், ஸ்ரீவில்லிபுத்தூர்

வெளிச்சத்தைக் கூட்டுங்கள், நிறத்தைப் பிடுங்காதீர்கள். இது தொழில்நுட்பமாகவும் சரி, தர்மமாகவும் சரி.

வெக்டர்ஸ்கோப்பைத் திறந்தால் தோலுக்கென்று ஒரு கோடு இருக்கும். மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று நாம் பிரித்துச் சொல்லும் தோல்கள் எல்லாமே கிட்டத்தட்ட அந்த ஒரே கோட்டில்தான் விழும். எல்லோருக்கும் உள்ளே ஓடுவது ஒரே ரத்தம் என்பதை அந்தக் கருவி காட்டிவிடுகிறது. வேறுபடுவது வெளிச்சமும் அடர்த்தியும்தான். பெண் இருட்டாகத் தெரிந்தால் அது அவள் நிறத்தின் குறையே இல்லை. பின்னால் எரியும் சீரியல் விளக்கைப் பார்த்துக் கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்திருக்கும். முகத்துக்கு வட்ட மாஸ்க் போட்டு, டிராக்கிங் கொடுத்து, நடுப்பகுதியை மட்டும் லேசாகத் தூக்குங்கள். கன்னத்தில் ஒளி வரும், தோல் தோலாகவே இருக்கும்.

கோடாக் பிலிம் காலத்தில் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒன்று வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் பல ஆண்டுகள் சேரவில்லை. பழுப்பு நிறங்கள் மீது கவனம் திரும்பியதற்கு சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளின் புகாரும் ஒரு காரணம். பலகைக்குக் கிடைத்த நியாயத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமாவது கொடுக்க வேண்டாமா?

வீட்டாரிடம் வாதாட வேண்டாம். இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முழுப்படத்தையும் வெளுத்ததில் தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளிறியிருக்கும், குங்குமம் ரோஸாகியிருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு வெளுத்ததைக் கேட்கிற அம்மாவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

டீல் (நீலப்பச்சை)–ஆரஞ்சு லட் போட்டால் சினிமா ஆகிவிடுமா?
— கல்லூரி மாணவர், இராஜபாளையம்

டீலும் ஆரஞ்சும் ஆகிவிடும். கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' 2000-இல் வந்தது. முழுப்படத்தையும் டிஜிட்டலில் நிறம் திருத்திய முன்னோடிப் படம். கோடையில் பச்சைப் பசேலென்று இருந்த மிசிசிப்பியை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் காய்ந்த வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுபோனார். 1930களின் புழுதி படிந்த வறுமைக் கதைக்கு அந்த நிறம் தேவைப்பட்டது. கதை கேட்டது, அவர் கொடுத்தார்.

உங்கள் கதை கேட்கிறதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலுள்ள கிளியை ஒரு முறை பாருங்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். அன்றைக்குப் பறித்த இலையின் பச்சையை டீலாக மாற்றினால், நேற்றைய கிளியைக் காட்டியதாகிவிடும்.

ஆடிப்பூரத் தேரோட்டம், மூன்று கேமரா, மூன்று நிறம். எப்படிச் சேர்ப்பது?
— நண்பர்கள் மூவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பந்தியில் மூன்று வாளியில் சாம்பார் வந்தாலும் ருசி ஒன்றாக இருக்க வேண்டும். தேர் முழுசாகத் தெரியும் ஷாட் ஒன்றை மூலமாக வையுங்கள். மற்றதெல்லாம் அதைப் பார்த்து வரட்டும். ஒன்றுக்கொன்று பார்த்துத் திருத்தினால் மூன்றும் சேர்ந்து வழிதவறும். வரிசை முக்கியம்: முதலில் வேவ்ஃபார்ம் பார்த்து வெளிச்சம், பிறகு வெள்ளை, கடைசியில் அடர்த்தி. அடுத்த வருஷம் மூன்று கேமராவிலும் 5,600 கெல்வின் என்று பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். பாதி வேலை ரத வீதியிலேயே முடிந்துவிடும்.

காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க இப்போது வசதியில்லை.
— புதிதாகக் கடை திறந்தவர், இராஜபாளையம்

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த கருவி. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கிய பிறகு நம் கைக்கு வந்தது. லேயருக்குப் பதில் 'நோட்' என்று இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும். மிச்சக் காசில் சுவருக்குச் சாம்பல் நிற பெயின்ட் அடியுங்கள். பச்சைச் சுவர் முன்னால் உட்கார்ந்தால் கண் ஏமாறும்.

கடைசியாக ஒன்று. திருத்திய நிறம் சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— அதே ரீல்ஸ் மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

நீங்கள் எடுத்த வீடியோவை, கடாய் கிண்டிய அந்த மாஸ்டரிடமே கொண்டுபோங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். "எந்த இடத்தில் இறக்குவீங்க அண்ணாச்சி?" என்று மட்டும் கேளுங்கள். அவர் வெறும் நிறத்தைப் பார்த்து "இந்தா, இப்ப" என்று விரல் வைக்கிற நொடியும், அன்றைக்கு அவர் நிஜமாகவே இறக்கிய நொடியும் ஒன்றாக இருந்தால், உங்கள் கலர் கிரேடிங் பதம் வந்துவிட்டது.