ஏழாவது கிடங்கு

பெரிய நிறுவனம் என்றால் துறைக்கொரு உள்ளடக்க மென்பொருள் இருந்தாக வேண்டும். மார்க்கெட்டிங்குக்கு வேர்ட்பிரஸ், மனிதவளத்துக்கு ஷேர்பாயின்ட், எப்போதோ விழுங்கிய சின்னக் கம்பெனியின் சீதனமாக ஒரு ட்ரூபல். விளைவு, ஒரே மிக்சிக்கு ஒரு தளத்தில் ஓராண்டு வாரன்டி, இன்னொன்றில் ஈராண்டு. கஸ்டமர் கேர்காரர் கண்ணுக்கு ஓராண்டுதான் தெரியும்.

உடனே, 'எல்லாருக்கும் ஒரே உள்ளடக்கக் கிடங்கு' என்று கமிட்டி கூடும். ஒருமுறை எழுதி, ஏபிஐ வழியாக எல்லாத் தளத்துக்கும் அனுப்பலாம். தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. 'தலைப்பு' என்ற கட்டத்தில் எத்தனை எழுத்து என்று முடிவு செய்வதற்குள்தான் நிதியாண்டு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஏழாவதாகப் புதுக் கிடங்கு வரும். பழையவையும் போகா. கேட்டால், "ஆடிட் முடியட்டும் சார்!"

மாறாக, பிரிட்டிஷ் அரசு 2012 அக்டோபரில் கவ்.யூகே தளத்தைத் திறந்து, டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற பழைய தளங்கள் இரண்டையும் மூடியது. பிறகு அமைச்சகத் தளங்களையும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. செய்தது அரசாங்கம், கவனிக்க.

கமிட்டிப் பெரியோர்களே, புதியதை வாங்க ஒப்புதல் கேட்கும் கோப்பிலேயே பழையதை நிறுத்தும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.