கை மட்டும் தனியே ஓடும்!

கேள்வி: தலையே வாயாகப் பிளந்து ஆளை விழுங்கும் ‘பாரசைட்’ என்ற ஜப்பானியப் படக்கதையை (மங்கா) என் மகன் விடாமல் படிக்கிறான். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: பயம் வந்தால் நமக்குக் கை ஓடாது, கதாநாயகன் ஷினிச்சி இசுமிக்கோ வலது கை மட்டும் தனியே ஓடும்! மூளையைப் பிடிக்க வந்த ஒட்டுண்ணி, அங்கே போக முடியாமல் அவன் கையிலேயே தங்கிவிடுகிறது. பெயர் மிகி. கண் முளைத்து, வாய் முளைத்து, புத்தகங்களைப் படித்துத் தள்ளுகிறது. இரக்கமே அறியாத மிகிக்கும், நாளாக ஆக இரக்கத்தை இழந்துவரும் ஷினிச்சிக்கும் இடையிலான நட்புதான் கதையின் உயிர். இதைப் படைத்த ஹிதோஷி இவாகி தீட்டும் ரத்தத்தைவிட அவர் எழுப்பும் கேள்விதான் உறைக்கிறது: பசிக்குத் தின்பவன் அரக்கன் என்றால், பூமியையே தின்று தீர்க்கும் மனிதன் யார்? பெற்ற குழந்தையைக் காக்கத் தன் உயிரையே விடுகிறாள் ரெய்கோ தமுரா. அவளும் ஒட்டுண்ணிதான்! அந்த அத்தியாயத்தில் கலங்கிப்போனேன். 1993-இல் கோடான்ஷா மங்கா விருது, 1996-இல் அறிவியல் புனைவுக்கான செயுன் விருது. இரண்டுக்கும் முழுத் தகுதி உண்டு. மகன் சின்னப் பிள்ளை என்றால் சில ஆண்டுகள் பொறுக்கட்டும். கல்லூரிக்குப் போகிறவன் என்றால், 10 தொகுதிகளையும் அவனிடமே இரவல் வாங்கி நீங்களும் படித்துவிடுங்கள்.