தராசுக்கு ஒரு ஆப்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறி நின்ற எங்கள் லயத்துப் பொடியன் சாப்பாடு கொண்டுவரும் ஆப்பைத் திறந்தான். வீட்டிலக்கம், வீதி கேட்டது. வரிசை வீடான லயத்துக்கு ஏது வீதி? கடிதமே தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். மூடிவிட்டான்.

அவன் அம்மாவுக்கு வேண்டியது வேறு. கூடையில் 20 கிலோ கொழுந்து, கணக்கில் 18. தண்ணிக்கும் சாக்குக்கும் கழிவாம். மாசி வெயிலில் கொழுந்துக்குள் தண்ணி எப்படி வந்தது என்று சொல்ல ஒரு ஆப். கிலோ குறைந்து அரைநாள் சம்பளமாகும் அரைப்பேர் விழுமுன் அலறினால் இன்னும் நல்லது. ஆப்பு வைக்கத்தான் ஆள் இருக்கிறது, ஆப் செய்ய இல்லை.

சம்பள ஆப் மட்டும் வேண்டவே வேண்டாமாம். 2015இல் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் டவுன்லோட் ஆகி முடிய 2021 ஆனது. மாவு விலை அதற்குள் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது.