லாரி எஞ்சினின் ஜாதகம்: கேள்வி-பதில்

அமெரிக்காவில் பழைய லாரியை வாங்குகிறவர் முதலில் பெயிண்டைப் பார்ப்பார், அடுத்து துருவைத் தேடுவார். எஞ்சினின் பிறந்த நாளும் ஊரும் அவருக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டுச் சாலைகளில் அதிகம் ஓடிய எஞ்சின்களில் ஒன்று செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சின். அடுப்பில் முடுக்கும் போல்ட்டைப் போன்ற போல்ட் அதில் இருந்ததால் ‘ஸ்டோவ்போல்ட்’ என்பது அதன் செல்லப்பெயர். ஃபோர்டு நான்கு சிலிண்டர் கார் விற்ற 1929-ல், அதே விலைக்கு ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று செவர்லே இறக்கிய வம்சம் இது. இந்த இதழின் கேள்விகள் எல்லாம் இந்த எஞ்சினைச் சுற்றித்தான்.

கே: லாரியின் பத்திரத்தில் 1950 என்று இருக்கிறது. எஞ்சினும் 1950 தானே?

ப: இருக்கலாம். ஆனால் பத்திரம் அதற்குச் சாட்சி ஆகாது. எழுபது ஆண்டு உழைத்த லாரியில் பிறவி எஞ்சினே இருப்பதுதான் ஆச்சரியம். அக்காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, சேஸ் நம்பருக்குப் பதிலாக எஞ்சின் நம்பரையே உரிமைப் பத்திரத்தில் எழுதிவைத்தன. எஞ்சினை மாற்றிய விவசாயி பத்திரத்தைத் திருத்தப் போகவில்லை. அதனால் பத்திரம் ஒரு நம்பர், பிளாக் ஒரு நம்பர், கதவருகே உள்ள தகடு ஒரு நம்பர் என்று மூன்றும் மூன்று கதை சொல்லும். 17 எழுத்து-எண் கொண்ட ஒரே சீரான அடையாளம் 1981 மாடலில் இருந்துதான் வந்தது.

கே: அப்படியானால் எந்த நம்பரை நம்புவது?

ப: வார்ப்போடு வந்த நம்பரை. பிளாக்கில் இரண்டு வகை நம்பர் உண்டு. வலப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் சமமாக இழைத்த சிறிய மேடையில் பஞ்ச் அடித்தது ஒன்று. எஞ்சினைப் பூட்டிய தொழிற்சாலையையும் வரிசையையும் அது சொல்லும். ‘எஃப்’ என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட். ‘டி’ என்றால் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டோனவாண்டா. 1954 வாக்கில் வந்தவற்றில் ஆண்டின் இரண்டு இலக்கமும், எந்த வண்டிக்குப் போனது என்பதற்கான குறியெழுத்தும் சேர்ந்தே இருக்கும்.

இன்னொன்று, அதே பக்கம் ஸ்டார்ட்டரை நோக்கிப் பின்னால் தள்ளி, இரும்போடு இரும்பாகப் புடைத்து நிற்கும் வார்ப்பு நம்பரும் தேதியும். பஞ்ச் நம்பரை அரத்தால் தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். உருக்கி ஊற்றியபோதே எழுந்த எழுத்தை அப்படி மாற்ற முடியாது. மாற்று எஞ்சினாக டீலர்கள் விற்ற பிளாக்குகள் பலவற்றில் பஞ்ச் மேடை வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு திருட்டு எஞ்சின் என்று பதறத் தேவையில்லை.

கே: வார்ப்புத் தேதி ‘ஜி 14 3’ என்கிறது. இதை எப்படிப் படிப்பது?

ப: முதல் எழுத்து மாதம். ஆங்கில அகரவரிசையில் ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆகவே ஜி ஜூலை. அடுத்தது நாள். கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். 1943-ஆ, 1953-ஆ என்று தேதி சொல்லாது. பிளாக்கின் அமைப்புதான் சொல்ல வேண்டும். இந்த வம்சம் 1962 மாடலோடு முடிந்து புதிய வடிவம் வந்துவிட்டதால் 1963 என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 1942 தொடக்கத்தில் போருக்காகப் பொதுமக்கள் லாரி உற்பத்தி நிறுத்தப்பட்டதால், 1943 என்று உறுதியானால் ராணுவ வண்டியையோ மாற்று எஞ்சினையோ முதலில் சந்தேகிக்கலாம்.

வார்ப்பு முந்தும், பூட்டுவது பிந்தும், லாரி வெளிவருவது அதற்கும் பிந்தும். 1950 லாரியில் 1957 வார்ப்பு இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, எஞ்சின் மாறியிருக்கிறது.

கே: விற்பவர் 235 என்கிறார், மெக்கானிக் 216 என்கிறார். யார் சொல்வது சரி?

ப: இரண்டும் ஸ்டோவ்போல்ட்டின் வகைகள்; எண், கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு. இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லப் பலர் வால்வு கவரைப் பார்ப்பார்கள். உச்சியில் இரண்டு நட்டு இருந்தால் பழைய வகை, ஓரத்தில் நான்கு திருகாணி இருந்தால் 1954 முதல் வந்த 235. இது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். 1941-லேயே பெரிய லாரிகளுக்கு வந்த முதல் 235-க்கும் உச்சியில் இரண்டு நட்டுதான்.

சிலிண்டரை அளந்தால் தெரியாதா என்று கேட்கலாம். கெட்டிக்காரர்களே சறுக்கும் இடம் அது. 216-ன் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 3.5 அங்குலம், 235-ன் போர் 3.5625. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்பார்கள். தேய்ந்த 216-ஐ 60 தௌ ரீபோர் செய்தால், அதாவது துளையை அகலக் கடைந்தால், 3.56 ஆகிவிடும். புது 235-க்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டரை தௌ! போரை மட்டும் அளந்தவர் பத்து பேரைக் கூட்டி 235 என்று சத்தியம் செய்வார். ரீபோர் மாற்றாதது ஸ்ட்ரோக். 216-க்கு அது 3.75 அங்குலம், 235-க்கு 3.9375. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தால் வாக்குவாதம் அங்கேயே முடியும். 1954-ல் வந்த 261-க்கும் இதே 3.9375 ஸ்ட்ரோக்தான், போர் மட்டும் 3.75. ஆகவே இரண்டு அளவும் வேண்டும். கனடாவில் பான்டியாக் கார்களிலும் 261 போட்டார்கள் என்பதால், லாரியில் இருப்பது காரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

கே: ஆயில் பிரஷர் முள் எப்போதும் கடைசிக் கோட்டில் முட்டி நிற்கிறது. எஞ்சின் அவ்வளவு ஆரோக்கியமா?

ப: எஞ்சின் மாறியிருக்கிறது என்பதற்கு டாஷ்போர்டே தரும் துப்பு இது. 216-ல் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி ஆயிலை வாரித் தெளிக்கும். அதற்குச் சுமார் 14 பவுண்டு அழுத்தமே போதும் என்பதால் மீட்டரில் கோடு 30 வரைதான். 1954 முதல் லாரிகளில் பம்ப்பே எல்லா பேரிங்குக்கும் அழுத்தத்தோடு ஆயில் தள்ளியது. அந்த எஞ்சினைப் பழைய லாரியில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். மீட்டரை மட்டும் மாற்றவில்லை.

கே: எத்தனை முறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ப: எத்தனை முறை என்று எண்ணிச் சொல்வது கடினம். என்னென்ன செய்தார்கள் என்பதைப் பெரும்பாலும் படித்துவிடலாம். இந்த வேலையில் ருசியே இதுதான். பிஸ்டன் தலையில் 030 என்று இருந்தால் 30 தௌ ரீபோர் நடந்திருக்கிறது. பேரிங் ஷெல்லின் முதுகில் 010 என்றால் கிராங்கை 10 தௌ கடைந்திருக்கிறார்கள். அதே முதுகில் கம்பெனி முத்திரையும் பல சமயம் தயாரித்த தேதியும் இருக்கும். கடைசியாகப் பிரித்தது அந்தத் தேதிக்குப் பிறகுதான் என்று எல்லை போட்டுவிடலாம்.

216-ல் இந்த ஷெல் ராடில் கிடையாது. ஈய நிறத்து பாபிட் உலோகத்தை ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். ராடுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய ஷிம்கள் இருக்கும்; பேரிங் தேயத் தேய ஒவ்வொன்றாக உருவி இறுக்குவார்கள். ஆறு ராடில் ஐந்தில் ஷிம் இருந்து ஒன்றில் மட்டும் சுத்தமாக இல்லை என்றால், அந்த ஒன்று சத்தம் போட்டு, யாரோ சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) மட்டும் இறக்கி அவசரமாகச் சமாளித்திருக்கிறார்கள்.

சிலிண்டரின் மேல்விளிம்பில் ரிங் எட்டாத இடத்தில் ஒரு படி நிற்கும். அதைச் செதுக்கி எடுத்த தடம் இருந்து பிஸ்டன் பழைய அளவிலேயே இருந்தால், பணமுடையில் ரிங்கு மட்டும் மாற்றிய வேலை. ஒரே ஒரு சிலிண்டரில் மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் அதற்கு மட்டும் ஸ்லீவ் அடித்திருக்கிறார்கள். பிளாக்கின் வெளிச்சுவரில் பொன்னிறத் தையல் ஓடினால், ஏதோ ஒரு குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடித்த விரிசலைப் பித்தளைப் பற்று வைத்து அடைத்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன் லாரி ஓடியாக வேண்டும் என்று அதைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கே: பிரித்துக் கட்டிய எஞ்சின் என்றால் மதிப்பு குறைவுதானே?

ப: கண்காட்சி நடுவருக்கு அப்படி இருக்கலாம். உழைக்கப் பிறந்த லாரி எஞ்சினுக்கு ரீபோர் ஒரு குறை அல்ல. மதிப்பைக் கெடுப்பது பொய்: வெற்று மேடையில் புதிதாக நம்பர் அடித்து ‘பிறவி எஞ்சின்’ என்று விற்பது. இயந்திரத்தில் எஞ்சியிருக்கும் சாட்சியை அழிக்கும் வேலை அது. வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம், அடுத்த தலைமுறைக்கும் வரலாறு கிடைக்காமல் போகிறது.

கே: இந்த எஞ்சின் இந்தியா பக்கம் வந்ததுண்டா?

ப: உண்டு. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை போட்டு, 1954 வரை செவர்லே கார்களையும் லாரிகளையும் பூட்டியது. கிழக்கே ஜப்பானிலும் உறவு உண்டு: 1935-ல் டொயோட்டா செய்த முதல் எஞ்சின், ‘டைப் ஏ’, செவர்லே ஆறு சிலிண்டரைப் பிரித்துப் பார்த்து உருவாக்கியது.

கே: அடுத்த வாரம் பிளாக் லேத் பட்டறைக்குப் போகிறது. முன்பே செய்ய வேண்டியது?

ப: மணல் வீசித் துரு நீக்குவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். வார்ப்பு நம்பர், தேதி, பஞ்ச் மேடை, ரீபில்டர் ஆணியடித்த தகடு இருந்தால் அது, பெயிண்ட் அடுக்கு எல்லாவற்றையும். 216 வெளிவந்த நிறம் சாம்பல். நீலத்துக்கு அடியில் சாம்பல் தெரிந்தால் அதுவும் ஒரு தகவல். ஷிம்களை ராடு வாரியாகத் தனித்தனி உறையில் போட்டு எண் எழுத வேண்டும். கழற்றிய பேரிங் ஷெல்களைப் பழைய இரும்புக் கூடையில் வீசாமல், முதுகில் உள்ள எழுத்தைத் துடைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பஞ்ச் மேடையில் கிரைண்டர் படக்கூடாது என்பதைப் பட்டறைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. மேடையின் மேல் டேப் ஒட்டி, டேப்பிலேயே எழுதி அனுப்புவது நல்லது.